பெயரைப் படமாக எழுதும் நாவாட்டல் முறை: தரம் 7 பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

சித்திர டீச்சர், களுவாஞ்சிகுடி

எல்லாருக்கும் வணக்கம். களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். மூன்றாம் தவணையில் கண்காட்சி வருகிறது. வருஷா வருஷம் அதே கல்லடிப் பாலம், அதே பாடும் மீன், அதே வெளிச்சவீடு. பார்க்க வருகிற பெற்றோர்கூட இப்போது நின்று பார்ப்பதில்லை. இந்த முறை வேறு ஏதாவது செய்யலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் மெக்சிகோவின் பழைய படச் சுவடிகள் கண்ணில் பட்டன.

ஒரு மனிதர் பாயில் உட்கார்ந்திருக்கிறார். தலைக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய கோடு போகிறது. கோட்டின் நுனியில் புகை கிளம்பும் கேடயம். அதுதான் அவருடைய பெயராம். இன்னொருவருக்கு அதே இடத்தில் ஒரு முகம், அதில் தண்ணீர் ஓடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தண்ணீர் முகம்தான். நாவாட்டல் மொழி பேசிய அஸ்டெக் மக்கள் பெயர்களை இப்படித்தான் எழுதினார்களாம்.

பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் முகத்தை வரைந்து, ஒரு கோடு இழுத்து, பெயரைப் படமாகப் போட்டால் சுவர் முழுக்க நிரப்பிவிடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் சில விஷயங்கள் தெளிவாகவில்லை.

இணையத்தில் ஒரு அட்டவணை கிடைத்தது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு அஸ்டெக் படம். 'ஏ' என்றால் கழுகு, 'பி' என்றால் பாம்பு, இப்படியே கடைசி எழுத்து வரை. அதைப் போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்தால் வேலை சுலபம். ஆனால் பார்த்தவுடன் ஏதோ ஒட்டவில்லை. இது உண்மையான முறைதானா?

இரண்டாவது, எல்லாப் பெயருக்கும் பொருள் தெரிந்தால்தான் வரைய முடியுமா? என் வகுப்பில் டிலக்சன் இருக்கிறான், தர்சிகா இருக்கிறாள். அவர்களுடைய அப்பப்பாமார் பெயர் என்றால் ஆறுமுகம், நாகமணி, பூபாலபிள்ளை என்று ஏதாவது பிடி கிடைக்கும். டிலக்சனுக்கு நான் எதை வரைவது?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பிழையாகச் சொல்லிக்கொடுக்க விருப்பமில்லை.

படுவான்கரை மாட்டுக்காரன்

டீச்சர், இதற்கு மெக்சிகோ வரை போகவேண்டுமா? எங்கள் அப்பாவின் மாட்டுக்குறியைப் பாருங்கள். இரண்டு எழுத்து, கீழே எங்கள் குடிக்கென்று ஒரு வடிவம். மேய்ச்சல் தரையில் ஆயிரம் மாடு நின்றாலும் தொடையைப் பார்த்தால் இது யாருடையது, எந்தக் குடி என்று சொல்லிவிடுவோம். எழுத்து வாசிக்கத் தெரியாத ஆட்களும் குறியை வாசிப்பார்கள். அஸ்டெக்காரர் செய்ததும் இதே வேலைதான் என்று நினைக்கிறேன். பிள்ளைகளிடம் அவரவர் வீட்டுக் குறியைக் கேட்டு வரையச் சொல்லுங்கள், கண்காட்சி தயார்.

சங்கிலிக்காரன், திருக்கோவில்

டீச்சர், அந்த அட்டவணையை முதலில் கிழித்துப் போடுங்கள். நாவாட்டல் எழுத்து முறையில் அகரவரிசையே கிடையாது. கழுகுக்கு 'ஏ' என்று பெயர் வைத்தவர்கள் ஆங்கில எழுத்துக்கு வேஷம் கட்டியிருக்கிறார்கள். டி-சேர்ட் விற்க அது போதும்.

நான் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அம்பாறைப் பக்கத்து வயல் வட்டைகளில் வரம்பு வரம்பாகச் சங்கிலி இழுத்தே என் உத்தியோகம் போனது. இந்தப் படங்களுக்குள் நான் நுழைந்ததும் காணி வழியாகத்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது மெண்டோசா சுவடி. 1541 அளவில் மெக்சிகோ நகரில் வரையப்பட்டது. இப்போது ஒக்ஸ்போர்ட்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. புகைகிற கேடயம் சிமால்போபோகா என்ற அரசர். சிமால்லி என்றால் கேடயம், போபோகா என்றால் புகைகிறது. பெயர் என்ன சொல்கிறதோ அதையே படமும் காட்டுகிறது. இந்த வகையில் சிக்கல் எதுவும் இல்லை.

ருசி அடுத்த வகையில்தான். இட்ஸ்கோவாட்டல் என்று இன்னொரு அரசர். இட்ஸ் என்பது எரிமலைக் கண்ணாடிக் கல்; அதில்தான் அவர்கள் கத்தி செய்தார்கள். கோவாட்டல் என்றால் பாம்பு. மெண்டோசா சுவடியில் ஒரு பாம்பு, அதன் முதுகில் வரிசையாகக் கல் கத்திகள். சரி, இது கேடயம் மாதிரித்தான். ஆனால் வெர்காரா சுவடி என்று ஒரு காணிப் பதிவேடு இருக்கிறது. அதில் அரசரல்லாத, அதே பெயர் கொண்ட ஒருவருக்கு எழுத்தர் வரைந்திருப்பது கத்திமுனை, ஒரு பானை, கொஞ்சம் தண்ணீர். பாம்பே இல்லை. பானைக்குக் கோமிட்டல் என்று பெயர், அதில் 'கோ'வை மட்டும் எடுத்துக்கொண்டார். தண்ணீருக்கு ஆட்டல், அதில் 'ஆ'. இட்ஸ், கோ, ஆ. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பாம்பு தானாக வந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் ஓபேன் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த ஒரு பெயரை எடுத்துக்காட்டித்தான், இவை வெறும் சித்திரங்கள் அல்ல, ஒலியையும் எழுதுகின்றன என்று வாதாடினார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. 2008 அளவில் அல்போன்சோ லகாதேனா என்ற ஸ்பானிய அறிஞர் இதில் ஒழுங்கான அசைக் குறிகளே இருக்கின்றன என்று காட்டினார். அவ்வளவு தூரம் போகாதவர்களும் உண்டு. தரம் 7க்கு அந்தச் சண்டை வேண்டாம்.

மெண்டோசா சுவடியிலேயே மாபாச்தெபெக் என்று ஒரு ஊர் வருகிறது. மாபாச் என்பது ரக்கூன் என்ற விலங்கு, தெபெ என்றால் மலை. ரக்கூன் மலை. எழுத்தர் ரக்கூனை வரையவில்லை. ஒரு மலை, அதன்மேல் ஒரு கை, கைக்குள் ஒரு பிடி மரப்பாசி. கைக்கு 'மா', பாசிக்கு 'பாச்'. விலங்கை வரைவதைவிட ஒலியைப் பிடிப்பது அவருக்கு வசதியாக இருந்திருக்கிறது.

இப்போது உங்கள் வகுப்புக்கு வாருங்கள். ஆறுமுகம் என்ற பெயரை எப்படி எழுதுவீர்கள்? முருகனுக்கு ஆறு தலை போட்டு வரைய ஒரு பாடவேளை போய்விடும். அதை விடுங்கள். ஓடுகிற ஆறு ஒன்று, ஒரு முகம். முடிந்தது. உங்களுக்குப் பிடித்த அந்தத் தண்ணீர் முகம் இருக்கிறதே, அவர் பெயர் ஆஷாயாகாட்டல், 1469 முதல் 1481 வரை ஆண்டவர். 'ஆ' தண்ணீர், ஷாயாகாட்டல் முகம். அந்த மனிதரை அந்தக் கோட்டோடு அப்படியே எங்கள் சித்திரவேலாயுத சுவாமி கோயில் வீதியில் கொண்டுவந்து நிறுத்தினால், ஆறுமுகம் அண்ணே என்று ஆட்கள் கூப்பிட்டுவிடுவார்கள்.

பூபாலபிள்ளை இன்னும் அழகு. அந்தப் 'பூ' பூமியைச் சொல்வது, பாலன் காப்பவன். அதை வரையப் போனால் உலக உருண்டையும் கிரீடமும் வேண்டும். நாவாட்டல் எழுத்தரிடம் கொடுத்தால் ஒரு பூ, ஒரு கிண்ணம் பால், ஒரு பிள்ளை என்று போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். நாகமணிக்குப் பாம்பும் கோயில் மணியும். மாணிக்கக் கல்லை வரைந்தால் பார்க்கிறவருக்கு அது கல்லா கண்ணாடியா என்று புரியாது, மணியை வரைந்தால் யாருக்கும் புரியும்.

எல்லாவற்றையும் முழுதாக எழுதவேண்டும் என்றும் இல்லை. மொக்தெசூமா என்ற பெரிய பெயருக்கு அவர்கள் வரைந்தது பிரபுக்கள் அணிகிற நெற்றிப்பட்டம், தலைமயிரோடு. அந்தப் பெயருக்குள் 'தெக்' என்று பிரபுவைக் குறிக்கும் சொல் இருக்கிறது. கோபம், முகம் சுளிப்பு என்ற மிச்சப் பொருளுக்குப் படமே இல்லை. வாசிக்கிறவருக்கு அரசரின் பெயர் தெரியும், அவர் நிரப்பிக்கொள்வார்.

இங்கேதான் படுவான்கரைத் தம்பி சொன்ன குறி விஷயம் வருகிறது. தம்பி, உங்கள் குறி நல்ல குறி, அதைப் பார்த்து மாடு யாருடையது என்று சொல்லிவிடலாம். ஆனால் உங்கள் ஊரையே தெரியாத ஒருவர் அந்த வடிவத்தைப் பார்த்து உங்கள் அப்பாவின் பெயரை உச்சரிக்க முடியாது. கத்தி, பானை, தண்ணீர் என்று பார்த்த நாவாட்டல்காரர் அந்த ஆளை முன்பின் தெரியாவிட்டாலும் இட்ஸ்கோவாட்டல் என்று சத்தமாக வாசித்துவிடுவார்.

இனிக் காணிக் கதை. அரசர் பெயர்களைத்தான் எல்லாரும் காட்டுகிறார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது வெர்காரா சுவடி. டெஸ்கோகோ நகருக்குப் பக்கத்தில் தெபெட்லாஒஸ்தோக் என்ற இடம். ஸ்பானியர் வந்து இருபது வருஷம் ஆன பிறகு, 1540களில் அங்குள்ள வீடுகளையும் வயல்களையும் பதிந்திருக்கிறார்கள். முதலில் குடும்பம்: புருஷன் தலை, மனைவி தலை, பிள்ளைகள் தலை, குடும்பத் தலைவருக்குப் பக்கத்தில் பெயர்ப் படம். அடுத்த பகுதியில் அதே பெயர்ப் படத்தோடு அவருடைய வயல்களின் வடிவமும் நான்கு பக்க நீளங்களும். மூன்றாவது பகுதியில் ஒவ்வொரு வயலின் பரப்பளவு. கோடு என்றால் 1, புள்ளி என்றால் 20. அளவுகோல் ஏறத்தாழ இரண்டரை மீற்றர். கோலுக்குக் குறைந்த மிச்சத்தைக் கை, அம்பு, இதயம் என்ற படங்களால் குறித்தார்கள். வயலுக்குள் என்ன மண் என்பதற்கும் ஒரு படம்.

2008ல் பார்பரா வில்லியம்ஸ், மரியா தெல் கார்மென் ஹோர்ஹே இ ஹோர்ஹே என்ற இருவரும் அந்தப் பரப்பளவுகளை எப்படிக் கணக்கிட்டிருப்பார்கள் என்று ஆராய்ந்து சயன்ஸ் இதழில் எழுதினார்கள். சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இல்லாத வயல்களுக்கும் விதி இருந்திருக்கிறது. வாசிக்க வாசிக்க எனக்குக் கை துருதுருத்தது. எங்கள் பக்கத்தில் மூலை கோணிய வயலை அளக்கப் போனால் வயல் நிர்வாகம் பார்க்கிற வட்டவிதானையில் தொடங்கி வயலைப் பார்த்துச் செய்கிற முல்லைக்காரர் வரை ஆளுக்கொரு கணக்குச் சொல்லுவார்கள். அந்தக் காலத்தில் அந்த எழுத்தர் எத்தனை பேரோடு வாதாடியிருப்பார்!

அதனால் டீச்சர், பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். இந்தப் படங்களில் மிகப் பெரும்பங்கு சாதாரண குடியானவர்களின் பெயர்கள். உவேஷோட்சிங்கோ என்ற ஊரின் 1560ஆம் ஆண்டு வரிப்பதிவேடு பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. பக்கம் பக்கமாக ஆண்களின் தலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப் படம், ஆயிரக்கணக்கில். ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெபனி வுட் என்பவர் இந்த மாதிரிப் படங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, ஒலியும் பொருளும் போட்டு, ஒரு இணைய அகராதியாகவே வைத்திருக்கிறார். இலவசம். பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்லது இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஊர்ப் பெயர்களில் '-ட்சிங்கோ' என்று முடிகிற இடத்தில் ஒரு மனிதனின் இடுப்புக்குக் கீழ்ப் பாதியை வரைந்திருப்பார்கள், ஏனென்றால் 'ட்சின்' என்பது பின்புறத்துக்கான சொல்லோடு ஒத்துப்போகிறது. அந்தப் பக்கத்தைத் தரம் 7ல் திரையில் போட்டீர்கள் என்றால் அன்றைக்குப் பாடம் நடக்காது.

சம்மாந்துறை உம்மா

நல்ல பதிவு. நான் சம்மாந்துறையில் பாலர் பாடசாலை நடத்துகிறேன். ஒரு சந்தேகம். ஆறுமுகம், நாகமணி எல்லாம் தமிழ்ச் சொல், வெட்டிப் பிரிக்கலாம். எங்களுடைய பிள்ளைகளின் பெயர்கள் அரபுப் பெயர்கள். பொருள் தெரிந்தாலும் தமிழில் படமாக வராது. நாவாட்டல்காரருக்கு இப்படி வெளியிலிருந்து வந்த பெயர்களோடு பிரச்சினை வரவில்லையா? ஸ்பானியர் வந்து ஞானஸ்நானம் கொடுத்து எல்லாருக்கும் பேதுரு, பிரான்சிஸ் என்று வைத்திருப்பார்களே?

அத்தோடு, எங்களிடம் சில பெற்றோர் ஆள் முகம் வரைவதை விரும்பமாட்டார்கள். முகம் இல்லாமல் பெயரை மட்டும் வரைந்தால் முறை கெட்டுப்போகுமா?

சங்கிலிக்காரன், திருக்கோவில்

தங்கச்சி, நல்ல கேள்வி கேட்டீர்கள். முகம் கட்டாயம் இல்லை. ஊர்ப் பெயர்கள் எல்லாம் முகம் இல்லாமல்தான் நிற்கின்றன. ஒரு வீடு, ஒரு கதவு வரைந்து அதிலிருந்து கோடு இழுங்கள்.

வெளிப் பெயர்களை அவர்கள் இரண்டு விதமாகச் சமாளித்தார்கள். ஒன்று, புனிதருக்குரிய அடையாளத்தைப் போட்டார்கள். பேதுருவுக்குச் சாவி, லோரன்சோவுக்கு அவரைத் தீயில் வாட்டிய இரும்புத் தட்டி. தேவாலயச் சுவரில் பார்த்ததை அப்படியே பெயராக்கிவிட்டார்கள்.

மற்றது சத்தத்தைத் துரத்துவது. நாவாட்டலில் ர இல்லை, ஃப இல்லை, ஆங்கில 'டி' (D), 'பி' (B) போன்ற அழுத்த ஒலிகளும் இல்லை. ஸ்பானியப் பெயர் காதில் எப்படி விழுந்ததோ, அதற்குக் கிட்டத்தட்ட ஒத்த நாவாட்டல் பொருளைத் தேடினார்கள். இதற்குப் பழைய ஸ்பானியப் பாதிரிமாரே குறித்துவைத்த உதாரணம் பெயரல்ல, ஒரு ஜெபம். இலத்தீனில் 'பாதேர் நோஸ்தேர்', பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்ற ஜெபத்தின் தொடக்கம். கொடிக்குப் பான்ட்லி, கல்லுக்குத் தெட்டல், கள்ளிப் பழத்துக்கு நோச்ட்லி. ஜெபத்தை மனப்பாடம் செய்யக் கொடி, கல், கள்ளிப் பழம், மறுபடியும் கல். பான், தெ, நோச், தெ. பாதிரியார் சொன்னதோடு அச்சாக ஒட்டவில்லைதான், ஆனாலும் ஜெபம் வாயில் வந்துவிட்டதே.

அந்தக் கல்லும் கள்ளியும் உங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்தவைதான். மெக்சிகோ கொடியில் கழுகுக்குக் கீழே கல்லின்மேல் ஒரு கள்ளி நிற்கிறது. தெ, நோச். தெனோச்சிட்லான் என்ற தலைநகரின் பெயர் அது. உலகக் கிண்ணம் பார்க்கிற பையன்கள் கொடியில் இருக்கிற கழுகைத்தான் கவனிப்பார்கள், காலடியில் ஒரு ஊர்ப் பெயர் எழுதியிருப்பது தெரியாது.

உங்கள் பிள்ளைகளுக்கு வருவோம். பாத்திமா. கத்தரிக் கன்று நட்ட ஒரு பாத்தி, பக்கத்தில் ஒரு மா. பாத்தி, மா. அரபிப் பெயரின் பொருளுக்கும் கத்தரிப் பாத்திக்கும் சம்பந்தமே இல்லை, பரவாயில்லை. உச்சரிப்பில் முதல் ஒலி கொஞ்சம் வேறுதான். நாமும் ஏட்டில் பாத்திமா என்றுதானே எழுதுகிறோம். மரியமுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்காதீர்கள், அதை நீங்களே உட்கார்ந்து யோசிக்கிறதில்தான் விளையாட்டு இருக்கிறது.

தர்சிகாவுக்குத் தராசு ஒன்று, காகம் ஒன்று. தராசு, கா. கொஞ்சம் தள்ளாடுகிறது, ஆனால் வகுப்பில் ஒரு தர்சிகா இருக்கிறாள் என்று தெரிந்தவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். டிலக்சன்தான் கல்லு மாதிரி. தூய தமிழ்ச் சொல் எதுவும் 'டி'யில் தொடங்காது. நாவாட்டல்காரர் 'டி'யைத் 'தி' ஆக்கியிருப்பார்கள். அப்போது நெற்றியில் இடுகிற திலகம், பிறகு ஒரு சங்கு. திலக், சங். கடைசி 'ன்' போனால் போகட்டும். கோவாட்டலை எழுதும்போது அவர்களும் 'கோ, ஆ' வரைதான் எழுதினார்கள், கடைசி ஒலியை வாசிக்கிறவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

சித்திர டீச்சர், களுவாஞ்சிகுடி

ஐயா, கோடி நன்றி. அட்டவணை குப்பைக்குப் போய்விட்டது. இன்னும் இரண்டு கேள்வி. படங்களை இடமிருந்து வலமாக வரிசையாக வைக்கவேண்டுமா, மேலிருந்து கீழாகவா? அடுத்தது, பெண்களின் பெயர்கள் எங்கே? நீங்கள் சொன்னதெல்லாம் அரசரும் ஆம்பிளைகளுமாக இருக்கிறார்கள். என் வகுப்பில் பெண்பிள்ளைகள்தான் கூட.

சங்கிலிக்காரன், திருக்கோவில்

வரிசை கட்டாயம் இல்லை, டீச்சர். மலைமேல் கை, கைக்குள் பாசி என்று பார்த்தீர்களே, அதை எங்கிருந்து தொடங்கி வாசிப்பது? பாம்பைச் சுற்றிக் கத்தி, தண்ணீருக்குள் முகம் என்று ஒன்றோடொன்று பின்னிப் போட்டார்கள். சித்திரம் படிப்பிக்கிற உங்களுக்கு இது நல்ல செய்தி. பிள்ளைகள் எழுத்து மாதிரி வரிசையாக அடுக்கினால் விடாதீர்கள். ஆறு முகத்துக்குள்ளால் ஓடட்டும், பாத்திக்குள்ளேயே மா நிற்கட்டும். கோடு மட்டும் ஆளையோ வீட்டையோ தொடவேண்டும், இல்லாவிட்டால் அது யாருடைய பெயர் என்று தெரியாது.

பெண்கள் விஷயத்தில் வரி எழுதியவர்களைத்தான் குறை சொல்லவேண்டும். வரிக்கும் காணிக்கும் ஆண் தலைவன் பெயர் போதும் என்று விட்டுவிட்டார்கள். எழுத்தில் பதிந்த வேறு குடிக்கணக்குகளில் நிறையப் பெண் பெயர்கள் கிடைக்கின்றன, ஆனால் அவற்றில் வகை குறைவு. மூத்தவளுக்குத் தெயாகாபான், நடுவிலாளுக்கு ட்லாகோ, இளையவளுக்குத் தெயிகு, கடைசிக்கு ஷோகோ. ஒரு வீதியில் நின்று தெயாகாபான் என்று கூப்பிட்டால் வீட்டுக்கு ஒருத்தி எட்டிப்பார்த்திருப்பாள். எங்கள் பக்கத்தில் மூத்ததம்பி, இளையதம்பி, சின்னத்தம்பி என்று ஆம்பிளைகளுக்கு வைத்த மாதிரி அங்கே பெண்களுக்கு.

பிள்ளைகளுக்குப் பிறந்த நாளின் பெயரும் உண்டு. 20 நாள் குறிகள், 13 எண்கள், இரண்டும் சுழன்று 260 நாளில் ஒரு சுற்று. மான், முயல், தண்ணீர், நாய், குரங்கு, மழை, பூ என்று போகும். பிள்ளை பிறந்தால் நாள் பார்க்கிறவரிடம் போவார்கள், அவர் ஏட்டைப் புரட்டிச் சொல்வார். நாள் கூடாத நாளாக இருந்தால், கிட்ட இருக்கிற நல்ல நாளுக்குப் பெயர் வைப்பதைத் தள்ளிவைத்தார்களாம். சாத்திரியாரிடம் நட்சத்திரம் பார்த்து முதலெழுத்து வாங்குகிற நம் ஆட்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பிள்ளைகளுக்குப் பெயர் வெட்ட வராவிட்டால், இந்த 20 குறியில் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும், அதுவும் முறைதான்.

படுவான்கரை மாட்டுக்காரன்

ஐயா, குறி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பையன் டிலக்சனை நினைத்தால் பாவமாக இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யார் திலகம் என்று சொல்கிறார்கள்? பொட்டு என்றுதான் சொல்வார்கள். படத்தைப் பார்த்தவுடன் 'பொட்டுச்சங்கு' என்று வாசிப்பார்கள். கண்காட்சி முடிந்து பள்ளிக்கூடம் விட முதலே அது அவன் பெயராகிவிடும். டீச்சரும் ஐயாவும் பொறுப்பு.

சங்கிலிக்காரன், திருக்கோவில்

தம்பி, அதற்கும் அங்கே முன்மாதிரி இருக்கிறது. பெத்ரோ தே அல்வராதோ என்று ஸ்பானியப் படைத்தலைவன் ஒருவன், கொடுமைக்குப் பேர் போனவன். செம்பட்டைத் தலைமயிரும் வெளுத்த முகமுமாக இருந்ததால் அங்குள்ள மக்கள் தொனாதியு, அதாவது சூரியன் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். தெலெரியானோ ரெமென்சிஸ் என்ற சுவடியில் 1541ல் அவன் செத்ததை வரைந்திருக்கிறார்கள். அந்த எழுத்தருக்கு அல்வராதோவை அசை அசையாக வெட்டி எழுதத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் பக்கத்தில் போட்டது ஒரு சூரியனைத்தான்.

டீச்சர், பையனிடம் முதலே கேட்டுவிடுங்கள். பொட்டுச்சங்கு அவனுக்குப் பிடிக்கவில்லை என்றால், திலகத்தைக் காமாட்சி மாதிரி ஒரு அம்மன் முகத்தின் நெற்றியில் பெரிதாக வைத்து வரையச் சொல்லுங்கள். அம்மன் நெற்றியில் இருப்பதை இங்கே யாரும் பொட்டு என்று வாசிக்கத் துணியமாட்டார்கள்.